மாநகராட்சியோடு சேர மறுக்கும் புறநகர் வாக்காளர் ஒத்துழைப்பையும் மறுக்கிறாரா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். வேலூரை ஒட்டிய ஒரு கிராம ஊராட்சியில் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறீர்கள். வேலை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் எல்லாம் வேலூரிலும் காட்பாடியிலும்தான். ஆனால் மாநகராட்சியோடு ஊராட்சியைச் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பினாலே ஊர் திரண்டு எதிர்க்கிறது. அமெரிக்காவில் புறநகர் வாக்காளர்கள் நகரத்தோடு ஒத்துப்போக மறுப்பதாகப் படித்திருக்கிறீர்கள். நம் பக்கத்திலும் அதே கதைதானா, புறநகர்க்காரர்கள் சுயநலக்காரர்களா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஊராட்சியை மாநகராட்சியோடு இணைப்பது ஒன்று. இணையாமலேயே நகரமும் புறநகரும் சேர்ந்து வேலை செய்வது இன்னொன்று. முதலாவதை எதிர்ப்பவர் இரண்டாவதையும் எதிர்க்கிறார் என்று எடுத்துக்கொண்டதால்தான் உங்களுக்கு அவர்கள் சுயநலக்காரர்களாகத் தெரிகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வட ஆற்காடு மாவட்டம் பிரியாமல் இருந்த காலத்தில் நகராட்சி நிர்வாகத்தில் சேர்ந்து, பெரும்பாலும் வருவாய்ப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வரி கேட்டு வீட்டு வாசலில் நிற்பவனிடம் மக்கள் மனசில் இருப்பதை மறைக்க மாட்டார்கள். அப்படிக் கேட்டதை வைத்தும் சட்டத்தைப் படித்ததை வைத்தும் பதில் சொல்கிறேன். எது உறுதி, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

வேலூர் எப்படி வளர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2001 கணக்கெடுப்பில் வேலூர் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1,77,000. 2011-இல் பழைய எல்லைக்குள் எண்ணியபோது 1,85,803. பத்து வருடத்தில் எட்டாயிரம் பேர்தான் கூடியிருக்கிறார்கள். அந்தப் பத்து வருடத்தில் வேலூர் வளரவில்லை என்று இங்கே வாழ்ந்த யாரும் சொல்ல மாட்டார்கள். ஊர் வளர்ந்தது கோட்டையைச் சுற்றி இல்லை. சத்துவாச்சாரியில், பாகாயத்தில், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடியில், விஐடி பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்தது. 2008 ஆகஸ்டில் வேலூர் மாநகராட்சி ஆனது. 2011-இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு நகராட்சிகளும் அல்லாபுரம், தொரப்பாடி, சேண்பாக்கம், கழிஞ்சூர் போன்ற பக்கத்து ஊர்களும் அதற்குள் வந்தன. இப்போதைய எல்லைக்குள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், 60 வார்டுகள், நான்கு மண்டலங்கள். அதாவது இன்றைய மாநகராட்சி வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நேற்றுவரை புறநகர்க்காரர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகமே சத்துவாச்சாரியில்தான் இருக்கிறது. எனவே நகரம் ஒரு பக்கம், புறநகர் ஒரு பக்கம் என்று கோடு கிழிப்பது வேலூரில் அவ்வளவு சுலபமில்லை. நேற்று சேர்ந்தவர், சேரக் காத்திருப்பவர், சேரவே விரும்பாதவர் என்று அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் சந்தேகமே கிடையாது. தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்ப்பது மாநில அரசின் முடிவு. முதலில் உத்தேச அறிவிப்பு வரும், ஆட்சேபணை கேட்பார்கள், பிறகு இறுதி ஆணை வரும். மக்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. அமெரிக்காவில் பல இடங்களில் உண்டு. கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரத்தையும் அதைச் சுற்றிய ஜெபர்சன் கவுண்டியையும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) இணைப்பதை 2000-இல் மக்களே வாக்களித்து ஏற்றார்கள், 2003-இல் இணைப்பு நடந்தது. அங்கேயும் எல்லா ஊரிலும் அப்படியில்லை. இண்டியானாபொலிஸில் 1969-இல் மாநிலச் சட்டமன்றமே சட்டம் போட்டு 1970-இல் இணைத்துவிட்டது, நம்மூர் மாதிரி. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். வாக்குச்சீட்டில் கேட்கப்படாத விஷயத்துக்கு நம் புறநகர் வாக்காளர் பதில் சொல்கிற இடம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாளும் சாலை மறியலும்தான். மறியலில் 'வேண்டாம்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். 'இன்ன இன்ன உறுதி கொடுத்தால் சரி' என்று சொல்ல அங்கே இடமில்லை. ஆக, ஊர் முழுக்க எதிர்க்கிற மாதிரி தெரிவதில் கேட்கும் முறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இனி அந்த 'ஊர்' யார் என்று பார்க்கலாம். இதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். வேலூரைச் சுற்றிய ஓர் ஊராட்சியில் மூன்று விதமான வாக்காளர்களாவது இருக்கிறார்கள். மூவரும் எதிர்க்கலாம், ஆனால் காரணம் வேறு வேறு.

முதலில் பரம்பரையாக அந்த ஊரில் இருப்பவர்கள். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, பிள்ளைகள் வெளியே வேலைக்குப் போகிறார்கள். இவர்களுக்கு ஊராட்சித் தலைவர் வெறும் நிர்வாகி இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கே போய்த் தலைவரைக் கூப்பிடலாம். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. உள்ளுக்குள் கட்சி இருக்கும், இருந்தாலும் வாக்கு கேட்டு வரும்போது ஆள்தான் வந்து நிற்பார். மாநகராட்சியில் கவுன்சிலர் கட்சிச் சின்னத்தில் வருகிறார், மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011-இல் மேயருக்கு மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள், 2022-இல் அந்த வாய்ப்பு இல்லை. ஐந்து லட்சம் பேரை 60 வார்டால் வகுத்துப் பாருங்கள், ஒரு வார்டுக்கு எட்டாயிரம் பேருக்கு மேல் வரும். ஒரு நடுத்தர ஊராட்சியின் மொத்த மக்கள்தொகையே அதைவிடக் குறைவு. நேற்றுவரை தனக்கென்று ஒரு தலைவர், துணைத்தலைவர், வார்டு உறுப்பினர்கள் என்றிருந்த ஊர், இணைந்த மறுநாள் ஒரு வார்டின் பகுதியாகிவிடும்.

இரண்டாவது, காலனி மக்கள். இவர்கள் கணக்கு இன்னும் கூர்மையானது. ஊராட்சித் தலைவர் பதவி சுழற்சி முறையில் பட்டியல் சாதியினருக்கு வரும்போது காலனியிலிருந்து ஒருவர் ஊருக்கே தலைவராகலாம். அந்தப் பதவிக்காக நம் மாவட்டத்தில் எத்தனை பேர் எவ்வளவு பட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். இணைப்பில் அந்தப் பதவியே காணாமல் போகிறது. அப்புறம் நூறு நாள் வேலை. 2005-இல் வந்த வேலை உறுதிச் சட்டமும் அதன் இடத்தில் 2025 இறுதியில் நிறைவேறிய புதிய சட்டமும் ஊரகப் பகுதிக்கு மட்டுமானவை. எல்லை மாறிய அன்றே அந்த வேலை அட்டைக்கு மதிப்பில்லை. கணவர் வருமானம் நிச்சயமில்லாத வீட்டில், பெண்ணின் கைக்கு நேரடியாக வரும் அந்தக் கூலி எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதை வரி வசூலுக்குப் போன எல்லாத் தெருவிலும் கேட்டிருக்கிறேன். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது கிளம்பிய எதிர்ப்பில் பெண்கள் முன்னால் நின்றதற்கு இதுதான் முக்கியக் காரணம். இதைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது, உங்களைப் போல மனை வாங்கி வந்தவர்கள். உங்களில் பலர் முதலில் இணைப்பை ஆதரிப்பார்கள். நல்ல தண்ணீர், பாதாளச் சாக்கடை, தார்ச்சாலை வரும் என்ற எதிர்பார்ப்பு. கூடவே ஒரு பயமும் உண்டு. ஊராட்சியில் கட்டும் வீட்டு வரி குறைவு, நகர்ப்புற உள்ளாட்சியில் சொத்து வரி அதைவிட அதிகம், காலிமனைக்கும் வரி உண்டு. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது, ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேல் 100 விழுக்காடு. உயர்வு நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். பல வருடம் உயர்த்தாமல் விட்டால் ஒருநாள் மொத்தமாகத்தான் உயர்த்த வேண்டி வரும். ஆனால் எல்லைக்கு வெளியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த வாக்காளர், சேர்ந்தால் நமக்கும் இதுதான் என்று முடிவு கட்டியதில் ஆச்சரியமில்லை. இந்த மூன்றாவது கூட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பலருடைய வாக்கு இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது, குடியாத்தத்திலோ போளூரிலோ சித்தூர்ப் பக்கமோ. குடியிருப்பது இங்கே, வாக்கு அங்கே. பெரிய மனைப் பிரிவுகளில் நூற்றுக்கணக்கான வீடு இருந்தும் ஊராட்சித் தேர்தலில் அவற்றின் குரல் மெலிந்து கேட்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் வாக்கு எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இதோடு ஒரு பழைய காயமும் சேர்ந்திருக்கிறது. 2011-இல் தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த வருடத் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2022 பிப்ரவரி வரை நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும் அதிகாரிகளே நடத்தினார்கள். புதிதாக இணைந்த பகுதிகளுக்குச் சாக்கடையும் சாலையும் வந்திருக்க வேண்டிய காலம் அது. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் ஐந்து வருடத்துக்கு மேல் போனது. ஊராட்சிகளும் அதே நிலையில்தான் இருந்தன, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அந்த இரண்டு தேர்தல்களின் வாக்குப்பதிவை ஒப்பிட்டால் ஒரு விஷயம் புரியும். ஒன்பது மாவட்ட ஊரகத் தேர்தலில் ஏறக்குறைய 77, 78 விழுக்காடு. நான்கு மாதம் கழித்து மாநிலம் முழுக்க நடந்த நகர்ப்புறத் தேர்தலில் சுமார் 61. தலைவரைத் தெரியும், தன் ஒரு வாக்கு முடிவை மாற்றும் என்று நினைப்பவர் வரிசையில் நிற்கிறார். அதை விட்டுக்கொடு என்றால், பதிலுக்கு என்ன என்று கேட்பார்தானே.

சரி, அமெரிக்க ஒப்பீட்டுக்கு வருகிறேன். அங்கே புறநகர் என்றால் பெரும்பாலும் வசதியானவர்கள் நகரத்தை விட்டு வெளியே போய்த் தனி உள்ளாட்சி அமைத்துக்கொண்ட இடம். இனப் பாகுபாடு அதில் பெரிய பங்கு வகித்தது. அட்லாண்டாவில் 1971-இல் பொதுப் போக்குவரத்துக்கு வரி கட்டச் சம்மதமா என்று கேட்டபோது நகரம் அமைந்த இரண்டு கவுண்டிகள் ஏற்றன, புறநகர்க் கவுண்டிகளான கிளேட்டனும் குவின்னெட்டும் மறுத்தன. கிளேட்டன் 2014-இல் மனம் மாறி ஏற்றது, குவின்னெட் 2019-இலும் மறுத்தது. இதைப் படித்துவிட்டு நம் ஊராட்சி மக்களையும் அதே சட்டகத்துக்குள் வைத்துப் பார்ப்பது தவறு. நம் புறநகரில் இருப்பவர்கள் நகரத்தை விட்டு ஓடியவர்கள் இல்லை. நகரத்துக்குக் காய்கறியும் பாலும் வேலையாளும் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நகரம் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அங்கிருந்து கற்க ஒன்று உண்டு. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றிய ஏழு கவுண்டிகளில் 1971 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வணிக, தொழில் கட்டடங்களின் மதிப்பு வளரும்போது அந்த வளர்ச்சியில் 40 விழுக்காட்டைப் பொதுவில் வைத்து எல்லா உள்ளாட்சிகளும் பகிர்ந்துகொள்கின்றன. யாரும் யாரோடும் இணையவில்லை, எல்லை அப்படியே இருக்கிறது, வருமானத்தின் ஒரு பகுதி மட்டும் பொது. எல்லையை அழிக்காமலும் ஒத்துழைக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வேலூரிலேயே இணையாத ஒத்துழைப்பு தினமும் நடக்கிறது. மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி, நகராட்சிகள், பேரூராட்சிகள், வழியோரக் கிராமங்கள் எல்லாம் ஒரே குழாய்த் தொடரில் இருக்கின்றன. குடிநீர் வடிகால் வாரியம் தண்ணீரைத் தொட்டி வரை கொண்டுவந்து தருகிறது, அங்கிருந்து வீட்டுக்குக் கொடுப்பது அந்தந்த உள்ளாட்சியின் வேலை. குறை இல்லாமல் இல்லை. கடைசியில் இருக்கும் ஊருக்கு அழுத்தம் குறையும், குழாய் உடைந்தால் நாள்கணக்கில் தண்ணீர் வராது. ஆனால் காவிரி தண்ணீர் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று எந்த ஊராட்சி மறியல் செய்தது? டவுன் பஸ்ஸும் அப்படித்தான். தடத்தைத் தீர்மானிப்பது மாநகராட்சியும் இல்லை, ஊராட்சியும் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகமும் அனுமதி தரும் அதிகாரிகளும்தான். உங்கள் ஊருக்கு ஒரு நடை கூடுதலாக வர மாநகராட்சியில் சேரத் தேவையே இல்லை. சேர்ந்தால் பஸ் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒத்துழைப்பு உடைந்து கிடப்பது குப்பையிலும் மழைநீரிலும். பல வருடம் மாநகரக் குப்பை சதுப்பேரி ஏரிப் பக்கம் போய் விழுந்தது, அங்கே குடியிருந்தவர்கள் புகையைச் சுவாசித்தார்கள். பிறகு தரம் பிரித்து உரமாக்கும் முறைக்கு வேலூர் மாறியது, அதில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயரும் வாங்கியது. ஆனால் எல்லைக் கோட்டில் இருக்கும் சாலையோரத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர், அந்தப் பக்கம் ஊராட்சியின் தூய்மைக் காவலர், நடுவில் கிடக்கும் மூட்டை யாருடையதும் இல்லை. கடைக்காரர் ராத்திரி கொண்டுவந்து போடுவது எப்போதும் அந்த நடுவிடத்தில்தான். மழைநீர் இதைவிட மோசம். ஓர் ஏரி நிரம்பி, உபரிநீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் பாலாற்றில் சேர வேண்டும். ஏரி ஓர் ஊராட்சியில், கால்வாய் இன்னொன்றில், முடிவிடம் மாநகராட்சியில். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம். 2021 நவம்பர் மழையில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது காட்பாடிப் பக்கம் கழிஞ்சூர் ஏரி உபரிநீரும் வேலூரில் நிக்கல்சன் கால்வாயும் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. கன்சால்பேட்டையில் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் எந்த உள்ளாட்சி எல்லையிலிருந்து கிளம்பியது என்று யாரும் கேட்கவில்லை. மேலே கால்வாயை ஆக்கிரமித்து மனை போட அனுமதித்தவர்களுக்கும் கீழே நனைந்தவர்களுக்கும் பொதுவாக ஒரு வாக்குப் பெட்டி இல்லை. நான் சொல்ல வந்ததன் மையமே இதுதான். நம் புறநகர் வாக்காளர் நகரத்தோடு ஒத்துழைக்க மறுக்கவில்லை. நகரத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் வேலைக்குப் பொறுப்பான ஆள் யாரும் அவர் முன்னால் வந்து வாக்கு கேட்பதே இல்லை.

விதிவிலக்கு, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள். வேலூர் மாநகராட்சி வேலூர், காட்பாடி, அணைக்கட்டு என்று மூன்று தொகுதிகளில் பரவிக் கிடக்கிறது. காட்பாடியிலும் அணைக்கட்டிலும் மாநகராட்சி வார்டுக்காரரும் கிராம ஊராட்சிக்காரரும் ஒரே ஆளுக்கு வாக்களிக்கிறார்கள். 2021-இல் காட்பாடியில் துரைமுருகன் வென்றது 746 வாக்கு வித்தியாசத்தில். 2019 ஆகஸ்டில் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் கதிர் ஆனந்த் வென்றது 8,141 வாக்கில். எந்தக் கட்சிக்காரருக்கும் இந்த எண்கள் மறக்காது. ஒரு மனைப் பிரிவும் பக்கத்துக் காலனியும் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைத்தால், அது கால்வாயாக இருந்தாலும் குப்பை வண்டியாக இருந்தாலும், இந்த மாதிரித் தொகுதியில் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படி வைத்தால் வாக்கு கிடைக்குமா, எந்தக் கட்சிக்கு லாபம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கே உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. சட்டமன்றத் தேர்தலில் புறநகர் வாக்காளர் கட்சி, கூட்டணி, சாதி, நலத்திட்டம் என்று பலதைப் பார்த்து வாக்களிக்கிறார். ஏரிக் கால்வாய்க்காக மட்டும் ஒருவர் கட்சி மாறினார் என்று காட்ட முடியாது. உள்ளாட்சித் தேர்தல் சரியான இடைவெளியில் நடந்திருந்தால் வார்டு வாரியாக ஒப்பிட்டு ஏதாவது சொல்லலாம், நடுவில் விழுந்த அந்தப் பெரிய இடைவெளியால் ஒப்பிடவும் வழியில்லை. என் ஊகம் இது: ஊராட்சி அளவில் இணைப்பை ஆதரித்தவர் தோற்பார், இணைப்பை எதிர்த்தபடியே தண்ணீரும் வண்டியும் கொண்டுவந்தவர் ஜெயிப்பார். அதேபோல 2011-இல் இணைந்த பகுதிகள் இணைந்ததால் நன்மை பெற்றனவா என்பதும் ஒரே வரியில் முடியாது. சாலை, விளக்கு, மனை மதிப்பு என்றால் பெற்றன. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் மழைக்காலத்தைக் கழித்தவரிடம் கேட்டால் வேறு பதில் வரும். இணையாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை யாராலும் காட்ட முடியாது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1994 ஊராட்சிகள் சட்டத்திலேயே ஓர் ஊராட்சி பக்கத்து உள்ளாட்சியோடு சேர்ந்து, இருவருக்கும் பொதுவான வேலைக்குக் கூட்டுக் குழு அமைக்கலாம் என்று இருக்கிறது. என் காலத்தில் இதைப் பயன்படுத்தி நகரமும் ஊராட்சியும் உட்கார்ந்து பேசியதை நான் பார்த்ததில்லை, அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரப் பகுதிக்குத் தனித் திட்டக் குழு வேண்டும் என்கிறது அரசியலமைப்பு, வேலூர் அந்த அளவு இல்லை. வேலூருக்கு மீதி இருப்பது மாவட்டத் திட்டக் குழு. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகர்ப்புற மன்றங்களிலிருந்தும் மக்கள்தொகை விகிதப்படி வர வேண்டும். நகரமும் கிராமமும் ஒரே மேசையில் உட்காரச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கும் நாற்காலி அது. எல்லையோரக் குப்பையும் ஏரிச் சங்கிலியும் பேசப்பட வேண்டிய இடம் அதுதான்.

கடைசியாக, இணைப்பு வந்தே தீரும் என்ற நிலை வந்தால் என்ன செய்வது. 2021 அக்டோபரில் தேர்ந்தெடுத்த நம் ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிற கணக்கு. பதவிக்காலம் முடிகிற நேரம்தான் எல்லையைத் தொடுவார்கள், 2025-இல் மற்ற மாவட்டங்களில் நடந்தது அப்படித்தான். அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் நிபந்தனையோடு போங்கள். வரியில் சலுகை கேட்கலாம், முன்மாதிரி இருக்கிறது. சென்னையில் 2011-இல் 42 உள்ளாட்சிகள் இணைந்தன. 2022 வரி உயர்வில் பழைய சென்னைக்கு 50 முதல் 150 விழுக்காடு என்றபோது, இணைந்த பகுதிகளுக்கு 25 முதல் 100 தான் போட்டார்கள். பதினொரு வருடம் கழித்தும் அந்த வேறுபாட்டை அரசே ஏற்றுக்கொண்டது. நூறு நாள் வேலையை இழக்கும் குடும்பங்களுக்கு மாற்று என்ன என்று எழுத்தில் கேளுங்கள். காலனி இரண்டு வார்டாகச் சிதறாதபடி வார்டு எல்லை வரையச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். அடுத்து வருகிற நாளில் கூட்டுக் குழு கோரி ஒரு தீர்மானம் போடுங்கள். ஒரே ஒரு வேலையைக் குறிப்பிடுங்கள், எல்லைச் சாலைக் குப்பையோ ஒரு கால்வாயோ. எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் அடுக்கினால் எதுவும் நடக்காது. ஊர்க்காரரும் காலனிக்காரரும் உங்கள் மனைப் பிரிவுக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் மட்டும் போட்டால் அது மனைக்காரர்களின் மனு ஆகிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கத்து வார்டில், கிராம சபை மாதிரியே நகர்ப்புறத்தில் நடக்கும் பகுதி சபை கூடும்போது அங்கே இருக்கும் உங்கள் நண்பர்களை அதே வாசகத்தை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நகலையும் ஆட்சியரிடமும் மாநகராட்சி ஆணையரிடமும் தொகுதி எம்எல்ஏவிடமும் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். தீர்மான வாசகம் எழுத உதவி வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், எழுதித் தருகிறேன்.